நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும்

(மணலி புதுநகரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காமிக்ஸ். அதிலும் ஒரே ஒரு கேள்வி. பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சூப்பர் ஹீரோ கதையைப் பதிப்பகத்தார் ஒருநாள் நிறுத்துகிறார்கள். "இதுவரை நீங்கள் படித்தது எதுவும் நடக்கவே இல்லை. இனி முதலிலிருந்து தொடங்குகிறோம்" என்று அறிவிக்கிறார்கள். ரசிகர்கள் இதை ரீபூட் என்பார்கள். மறுதொடக்கம் என்று நாம் சொல்லலாம். புதிய வாசகர் ஆவலோடு வருகிறார். பழைய வாசகர் மனம் உடைந்து போகிறார். ஏன்? நாற்பது வயதைத் தாண்டிய மனிதர், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர், கடனையும் வட்டியையும் கண்டவர், காகிதத்தில் வரைந்த ஒருவனுக்காக ஏன் வருந்த வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்க நம் ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. நம் ஊரின் பெயரிலேயே 'புது' இருக்கிறது. மனை பிரித்து, தெரு போட்டு, புதிதாக எழுப்பிய ஊர் இது. நாம் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். திருவொற்றியூரிலிருந்து வந்தோம், ராயபுரத்திலிருந்து வந்தோம், தெற்குச் சீமையிலிருந்து வந்தோம். வரும்போது பழையதை விட்டுவிட்டா வந்தோம்? தெற்கிலிருந்து வந்தவர்கள் அய்யா வைகுண்டரை நெஞ்சில் சுமந்து வந்தார்கள். இன்று அவர் கோயிலான தர்மபதியின் தேர் நகரும்போது ஊரே தெருவில் நிற்கிறது. ஊர் புதிது. நினைவு பழையது. இரண்டும் ஒரே தெருவில் வாழ முடியும் என்பதற்கு நாமே சாட்சி.

என் சாட்சியத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு கரை மீறி நம் தெருக்களுக்குள் வந்தது. அந்த இரவை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி மூட்டையைத் தூக்கினோம், கேஸ் சிலிண்டரைத் தூக்கினோம், ரேஷன் கார்டைத் தூக்கினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை நான் தூக்கவில்லை. அதில் என் காமிக்ஸ் இருந்தது. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். தாள்கள் கூழாகி, ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, துணி காயவைக்கும் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்கள். பிழைத்தவை பதினொன்று.

அன்று இரவு மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் அந்தப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "தாத்தா, போன புத்தகத்துல என்ன கதை இருந்துச்சு?" என்று கேட்டார்கள். சொன்னேன். ஒரு கதை சொன்னேன், இரண்டு சொன்னேன், விடியும்வரை சொன்னேன். பக்கம் பக்கமாக நினைவிருந்தது. வெள்ளம் தாளைத்தான் கொண்டுபோனது. கதை என்னிடம் இருந்தது.

இன்றைய பேச்சின் மையம் இதுதான், நண்பர்களே. ஒரு நெடுந்தொடர்க் கதையில் பாதி அச்சில் இருக்கிறது. மறு பாதி வாசகரின் நினைவில் இருக்கிறது. தாள் போனாலும் அந்த மறு பாதி பிழைக்கும். ஆனால் கதையை எழுதியவரே வந்து, "நீ நினைவில் வைத்திருப்பது நடக்கவே இல்லை" என்று சொன்னால்? வெள்ளம் தொட முடியாததை அந்த ஒரு வாக்கியம் தொட்டுவிடுகிறது.

அந்த நினைவு எங்களுக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அப்போது எனக்கு எட்டு வயது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் சணல் கயிற்றில் தொங்கிய புத்தகத்தில், உடம்பு இல்லாமல் ஒரு கை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அந்தக் கையை விட்டு என் கண் இன்றுவரை விலகவில்லை. 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் வந்தது. அதை நடத்திய விஜயன் அப்போது பதின்வயதுப் பையன். அதில் ஸ்பைடர் வந்தான். அவன் இப்போது சினிமாவில் வரும் சிலந்தி மனிதன் இல்லை, பிள்ளைகளே. கூர்காது வைத்த, கொடூரச் சிரிப்புச் சிரிக்கும், குற்றங்களின் சக்கரவர்த்தி ஆகத் துடித்த ஸ்பைடர். அதே 1984இல் ராணி காமிக்ஸும் வந்தது. காட்டுக்குள் மண்டையோட்டுக் குகையில் அமர்ந்திருக்கும் முகமூடி வீரரை, வேறு இதழ்களில் வேதாளர் என்று அறிந்திருந்தவரை, ராணி காமிக்ஸ் எங்களுக்கு மாயாவி என்று கொடுத்தது.

பள்ளியில் ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் படிப்போம். இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் மறையாது என்பது எங்களுக்குப் பாட நூலைவிட உறுதியான விதி. ஒரு கதையில் அந்த விதி மீறப்பட்டால் கடைசி பெஞ்சில் இருந்து எதிர்ப்புக் குரல் எழும். கணக்கு வைத்துக்கொண்டுதான் படித்தோம். யார் யாருக்கு நண்பன், யார் எப்போது செத்தான், யார் திருந்தினான், எல்லாவற்றுக்கும் எங்களிடம் கணக்கு உண்டு.

இனி கடல் கடந்து போவோம். அமெரிக்காவில் டிசி என்ற பதிப்பகம். சூப்பர்மேன், பேட்மேன், ஃப்ளாஷ் எல்லாம் அவர்களுடைய நாயகர்கள். ஃப்ளாஷ் என்றால் மின்னல் வேகத்தில் ஓடுபவன். 1940களில் ஜே காரிக் என்ற ஒரு ஃப்ளாஷ் இருந்தான். அவன் இதழ் நின்றுபோனது. 1956இல் பாரி ஆலன் என்ற புதிய ஃப்ளாஷைக் கொண்டுவந்தார்கள். பழையவனைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. புதியவன் பழையவனின் காமிக்ஸைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பான்! 1961இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கார்டனர் ஃபாக்ஸ் எழுதிய ஒரு கதையில் இரண்டு ஃப்ளாஷும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். அவனுக்கு ஓர் உலகம், இவனுக்கு ஓர் உலகம், இரண்டும் உண்மை. பழைய வாசகரும் புதிய வாசகரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இருபத்து நாலு ஆண்டுகள் கழிந்தன. 1985. உலகங்கள் பெருகிவிட்டன, புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று டிசி நினைத்தது. 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்று பன்னிரண்டு இதழ்கள். மார்வ் வுல்ஃப்மன் எழுதினார், ஜார்ஜ் பெரஸ் வரைந்தார். எண்ணற்ற உலகங்கள் அழிந்து ஒரே உலகம் மிஞ்சியது. அழிவதை நம் கண்முன்னே காட்டினார்கள். சூப்பர்கேர்ள் இறந்தாள். பாரி ஆலன் உலகைக் காக்க ஓடி ஓடியே உயிர் விட்டான்.

1985 என்று சொன்னதும் இங்கே உள்ள பெரியவர்களுக்கு வேறொரு நினைவு வரும். அந்த ஆண்டு மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. சென்ட்ரல் பக்கத்தில் சிவப்புக் கட்டடம். பழைய புத்தகத்துக்கு வடசென்னைப் பிள்ளைகளின் புண்ணியத் தலம் அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நான் சூப்பர்மேனையும் ஃப்ளாஷையும் முதலில் தொட்டது அங்கேதான். அடுத்த நாள் போய் நின்றேன். கடைக்காரர்கள் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது "இங்கே கடையே இருந்ததில்லை" என்று சொன்னாரா? சாம்பலைக் காட்டி, "இதோ, இந்த இடத்தில்தான் என் கடை" என்றார்கள். எரிந்ததற்கும் ஓர் இடம் இருந்தது.

1986இல் டிசி செய்த ஒன்றை நான் கைகூப்பி வரவேற்பேன். சூப்பர்மேனைப் புதிதாகத் தொடங்க ஜான் பைர்னிடம் கொடுப்பதற்கு முன், பழைய சூப்பர்மேனுக்கு ஒரு கடைசிக் கதை எழுத வைத்தார்கள். ஆலன் மூர் எழுதினார். பல பத்தாண்டுகளாக சூப்பர்மேனை வரைந்த கர்ட் ஸ்வானே அதையும் வரைந்தார். தெருக்கூத்தில் விடியற்காலையில் மங்களம் பாடுவார்களே, அப்படி ஒரு மங்களம். கூத்து முடிந்தது என்று சொல்லிவிட்டு முடித்தால் நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். பாதிக் கூத்தில் விளக்கை அணைத்துவிட்டு, "கூத்தே நடக்கவில்லை" என்றால் என்ன செய்வோம்?

2011 செப்டம்பரில் அதுதான் நடந்தது. 'நியூ 52' என்று பெயர். ஐம்பத்திரண்டு இதழ்கள், எல்லாம் ஒன்றாம் எண்ணிலிருந்து. ஆக்‌ஷன் காமிக்ஸ் 1938இல் சூப்பர்மேனை உலகுக்குக் கொடுத்த இதழ். அது 904ஆம் இதழோடு நின்று மறுபடி ஒன்று ஆனது. டிடெக்டிவ் காமிக்ஸ் 881இல் நின்று மறுபடி ஒன்று ஆனது. எண் போனால் போகட்டும். கூடவே வேறென்ன போனது?

1996இல் சூப்பர்மேனும் அவன் காதலி லோயிஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். வாசகர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பார்த்த கல்யாணம். அது நடக்கவே இல்லை என்றார்கள்.

பார்பரா கார்டன் என்று ஒரு பெண். பேட்கேர்ளாக இருந்தவள். 1988இல் வந்த கதையில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் சுட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தாள். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, ஆரக்கிள் என்ற பெயரில், கணினியும் அறிவும் துணையாக மற்ற நாயகர்களுக்கெல்லாம் கண்ணாகவும் காதாகவும் ஆனாள். நடக்க முடியாத எத்தனை பிள்ளைகள் அவளைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! 2011இல் அவளை எழுப்பி நடக்க வைத்து, மறுபடி பேட்கேர்ள் ஆக்கினார்கள். ஆரக்கிளாக அவள் ஆண்டுக்கணக்கில் சம்பாதித்த மரியாதை புதிய கதையில் மங்கிப்போனது. நல்லதுதானே, நடக்கிறாளே என்று கேட்கலாம். அவள் நாற்காலியில் இருந்தபோதும் முழு மனுஷிதான். அந்த வாழ்க்கையை ஏன் திருத்தவேண்டிய பிழையாக ஆக்கினீர்கள் என்பதுதான் வாசகரின் கேள்வி. அது நியாயமான கேள்வி.

அடுத்து வாலி வெஸ்ட். பாரி ஆலன் உயிர் விட்டபின் அந்தச் சிவப்பு உடையை எடுத்து உடுத்தியவன் அவன் சீடன் வாலி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவன்தான் ஃப்ளாஷ். நம் கண்முன்னே வளர்ந்தான், லிண்டாவைக் காதலித்தான், கட்டினான், இரட்டைப் பிள்ளைகள் பெற்றான். 2011இல் அவன் காணாமல் போனான். இறக்கவில்லை. இறந்திருந்தால் ஒரு மாலை போட்டிருப்போம். அவன் இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. இறந்தவனுக்குப் படம் உண்டு, பூ உண்டு, திதி உண்டு. இருந்ததே இல்லை என்றவனுக்கு என்ன உண்டு?

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதிப்பகமே பதில் சொன்னது. 2016 மே மாதம் 'ரீபர்த்' என்று ஓர் இதழ். ஜெஃப் ஜான்ஸ் எழுதியது. வாலி காலத்துக்கு வெளியே எங்கோ சிக்கிக் கிடக்கிறான். யாராவது ஒருவர் தன்னை நினைவுகூர்ந்தால் போதும், உலகுக்குத் திரும்பிவிடலாம். பேட்மேனிடம் போகிறான். தெரியவில்லை. உயிருக்கு உயிரான லிண்டாவிடம் போகிறான். "நீங்கள் யார்?" என்கிறாள். கடைசியில், இடையே கதைக்குள் உயிரோடு திரும்பியிருந்த தன் குரு பாரியிடம் போகிறான், உதவி கேட்கக்கூட இல்லை, நன்றி சொல்லி விடைபெற. கரைந்து போகும் அந்தக் கணத்தில் பாரியின் வாயிலிருந்து அவன் பெயர் வருகிறது. கையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறான்.

அதைப் படித்தபோது நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. வாலி தேடியது யாரை? நம்மை. பழைய வாசகரை. "என்னை நினைவிருக்கிறதா?" என்று அவன் கதவு கதவாகத் தட்டியது, ஐந்து ஆண்டுகளாக நாம் பதிப்பகத்தின் கதவைத் தட்டியதுதான். அதற்கு அடுத்த மாதமே ஆக்‌ஷன் காமிக்ஸ் தன் பழைய எண்ணுக்குத் திரும்பியது. 957 என்று அட்டையில் பார்த்தேன். 2018 ஏப்ரலில் ஆயிரமாவது இதழ் வந்தது. நினைவை அழித்திருந்தால் அந்த ஆயிரம் வந்திருக்குமா?

நான் ஒரு தரப்பை மட்டும் பேசக் கூடாது. பதிப்பகத்தார் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. கடைக்குள் வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை 904ஆம் இதழைப் பார்த்து மிரளும். ஒன்றாம் இதழ் என்றால் துணிந்து எடுக்கும். 'நியூ 52' வந்தபோது விற்பனை ஏறியது உண்மை. எழுபது ஆண்டுக் கதையில் முரண்கள் இருப்பதும் உண்மை. 1938இல் வந்தவன் இன்னும் முப்பது வயதில் இருப்பது எப்படி என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மாற்றம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

எந்த மாற்றம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். தொலைக்காட்சித் தொடரில் ஒரு நாள் திடீரென்று எழுத்து வரும்: "இவருக்குப் பதில் இவர்". மாமியாராக நடித்தவர் மாறிவிடுவார். முகம் வேறு, குரல் வேறு. ஒரு வாரம் முணுமுணுப்பீர்கள். அப்புறம் பழகிவிடும். ஏன் பழகுகிறது? முகம்தான் மாறியது. அந்த மாமியார் மருமகளை அழவைத்ததும், ஆஸ்பத்திரியில் மருமகள் ரத்தம் கொடுத்ததும் அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில், "அந்த வீட்டில் கல்யாணமே நடக்கவில்லை, நேற்றுவரை பார்த்ததை மறந்துவிடுங்கள்" என்று போட்டால்? ரிமோட்டை எடுத்துவிட மாட்டீர்களா?

என் வாழ்நாளில் பாதி நம் பகுதி ஆலைகளில் ஃபிட்டர் வேலையில் கழிந்தது. ஷட்டவுன் என்றால் என்ன என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஓடும் ஆலையைக் குறித்த காலத்துக்கு நிறுத்துவோம். அரித்துப் போன குழாயை வெட்டுவோம், புதுக் குழாய் வைப்போம், கேஸ்கெட் மாற்றுவோம், வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வோம். எதை எப்போது மாற்றினோம் என்று எழுதி வைப்போம். அந்தப் பதிவேட்டை எரித்துவிட்டு ஆலையை ஓட்டுவானா யாராவது? போன ஷட்டவுனில் எந்த இடம் பலவீனமாக இருந்தது என்று தெரிந்தவன்தான் இந்த ஷட்டவுனைப் பத்திரமாக முடிப்பான். கதைக்கும் ஷட்டவுன் வேண்டும். பதிவேடும் வேண்டும்.

இன்னொரு பதிப்பகம் மார்வெல். ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கல்யாணம். இருபது ஆண்டுகள் அந்தத் தம்பதியோடு வாசகர்களும் குடும்பம் நடத்தினார்கள். 2007இல் ஒரு கதை. பீட்டரின் மே அத்தை துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாகக் கிடக்கிறாள். அவள் உயிருக்கு விலையாக, கல்யாணத்தையே ஒரு சாத்தானிடம் கொடுத்துவிடுகிறான். கல்யாணம் உலகத்தின் நினைவிலிருந்து அழிகிறது. மணமான நாயகன் இளைஞர்களைக் கவர மாட்டான் என்று நினைத்தார்கள்.

அப்படியா? நம் முகமூடி வீரர் மாயாவியைப் பாருங்கள். 1936இல் லீ ஃபாக் படைத்த நாயகர். தன் காதலி டயானாவை அவர் எத்தனை காலம் காத்திருக்க வைத்தார்! 1977இல் கல்யாணம் செய்துவைத்தார் லீ ஃபாக். இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கதை நின்றதா? 1999இல் லீ ஃபாக் கண்மூடும்வரை எழுதினார், அவருக்குப் பின்னும் ஓடுகிறது. அந்தக் கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். இவர் இருபத்தொன்றாவது முகமூடி வீரர். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன். ஒவ்வொருவரும் தன் கதையைக் கையால் எழுதிக் குகையில் வைக்கிறார். ஊர் ஜனம் அவரைச் சாகாதவர் என்று நம்புகிறது. வாசகராகிய நமக்கு உண்மை தெரியும். இருபது பேர் செத்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் கதையும் குகையில் இருக்கிறது. ஆள் மாறுகிறார், ஏடு மாறவில்லை. புதிய நாயகன் வேண்டும் என்றால் இதைவிட அழகான வழி உண்டா?

இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. இரும்புக்கை மாயாவி யார்? லூயி கிராண்டேல். 1962இல் இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் பிறந்தவன். கென் புல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அவன் பிறக்கும்போது நாயகன் இல்லை. கையை இழந்து, இரும்புக் கை பெற்று, மறையும் சக்தி கிடைத்தவுடன் திருடப் போனவன். பிறகு திருந்தி நிழற்படையில் சேர்ந்து உலகைக் காத்தான். ஸ்பைடர் யார்? 1965இல் டெட் கோவன் எழுத ரெக் பன் வரைந்த குற்றவாளி. பிறகு சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலே அவனுக்குக் கதை எழுதினார். அவனும் மெல்ல மெல்ல நல்ல பக்கம் வந்தவன்.

இவர்களை நாங்கள் ஏன் இவ்வளவு நேசித்தோம்? இவர்கள் திருந்தியவர்கள். திருந்தியவனின் பெருமை எதில் இருக்கிறது? அவன் பழைய குற்றம் நமக்கு நினைவிருப்பதில் இருக்கிறது. பழையதை அழித்துவிட்டால் திருடியவன் திருடவே இல்லை என்று ஆகும். அப்போது திருந்தியவன் எங்கே? தழும்பை அழித்தால் ஆறிய கதையும் அழியும். எங்கள் தெருவில் தடம் மாறிப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் கையில் இரும்புக்கை மாயாவி ஏன் கசங்கிக் கிடந்தான் என்று எனக்குத் தெரியும்.

இந்த நாயகர்களுக்கும் ஒரு மறுவரவு நடந்தது. 2005இல் 'ஆல்பியன்' என்று ஒரு தொடர் தொடங்கியது. ஆலன் மூர் கதைக் கருவைக் கொடுக்க, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். அதில் ஸ்பைடர் வருகிறான், இரும்புக்கை மாயாவி வருகிறான், இயந்திர மனிதன் ஆர்ச்சி வருகிறான். அவர்கள் ஏன் இத்தனை காலம் வரவில்லை? அரசு அவர்களைப் பிடித்து ஒரு கோட்டைக்குள் சிறை வைத்துவிட்டது, உலகமும் மறந்துவிட்டது என்கிறது கதை. எல்லாப் பழைய கதையும் நடந்தது, மறைக்கப்பட்டது. பழைய வாசகரின் நினைவைப் பொய் ஆக்காமல் அதையே திறவுகோல் ஆக்கினார்கள். வழி இருக்கிறது நண்பர்களே, மனம் இருந்தால்.

அந்த வழி நமக்குப் புதிதா? நம் மணலியின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் என்று ஒரு வள்ளல் இருந்தார். சீர்காழி அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனை பாடியபோது அவரைப் போற்றி ஆதரித்தவர் இவர்தான். இராமன் கதையை வால்மீகி சொன்னார். கம்பர் தமிழில் மாற்றிச் சொன்னார். அருணாசலக் கவிராயர் இசை நாடகமாக்கிச் சொன்னார். ஒவ்வொருவரும் புதிதாகச் செய்தார்கள். ஆனால் கம்பர், "வால்மீகி சொன்னது நடக்கவே இல்லை" என்று சொன்னாரா? வால்மீகியின் பெயரைச் சொல்லி வணங்கிவிட்டுத்தான் தொடங்கினார். அருணாசலக் கவிராயர் கம்பரைத் தள்ளிவிட்டா பாடினார்? கம்பரை உண்டு செரித்துப் பாடினார். மூன்றும் இன்று நம்மிடம் இருக்கின்றன. வள்ளல் மணலிக்காரர் என்பதில் நமக்குப் பெருமை இருக்கட்டும். அவர் ஆதரித்த முறையிலிருந்து பாடமும் இருக்கட்டும்.

அமெரிக்காவிலும் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. மார்வெல் 2000இல் 'அல்டிமேட்' என்று தனி உலகம் ஒன்றைத் தொடங்கியது. பழைய ஸ்பைடர்மேனும் பக்கத்திலேயே ஓடினான். அந்தத் தனி உலகத்தில் 2011இல் மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பினப் பையன் ஸ்பைடர்மேன் ஆனான். டிசி பழைய வீட்டை இடித்த அதே ஆண்டில், மார்வெல் பக்கத்து மனையில் ஒரு புது வீட்டுக்குப் புது வாரிசைக் கொண்டுவந்தது. என் பேத்திக்கு மைல்ஸ்தான் ஸ்பைடர்மேன். தமிழில் பேசும் அவன் படத்தைத் திரையரங்கில் என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. பீட்டரை நான் இழக்கவில்லை, அவள் மைல்ஸைப் பெற்றாள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று மறுபடி எழுந்து வந்தது. நல்ல தாள், வண்ணம், புதிய நாயகர்கள். நம்மில் சிலர் முகம் சுளித்தோம். "எங்கள் இரும்புக்கை மாயாவி எங்கே? அந்தப் பழைய தாளின் வாசம் எங்கே?" என்று கேட்டோம். நண்பர்களே, அங்கே யாரும் நம் மாயாவியை அழிக்கவில்லை. டெக்ஸ் வில்லர், லார்கோ வின்ச் போன்ற நாயகர்களுக்குப் பக்கத்தில் மாயாவிக்கும் மறுபதிப்பு வந்தது. புதியது வந்ததற்கும் பழையது அழிக்கப்பட்டதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதற்கு நாம் வழிவிட வேண்டும். இரண்டாவதைத்தான் எதிர்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் புதியதையெல்லாம் திட்டினால், நம் பிள்ளைகள் நம்மிடம் கதை கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பழைய வாசகரின் ஏமாற்றம் பிடிவாதம் இல்லை. அது வயதானவர்களின் புலம்பலும் இல்லை. தன் காசையும் காலத்தையும் கண்ணீரையும் போட்டு ஒரு கதையைப் பாதி எழுதியவர், தன் பங்கு கிழித்தெறியப்பட்டதைக் கண்டு அடையும் வருத்தம் அது.

நாளைக்குக் கதை எழுதப்போகும் பிள்ளைகளே, இந்த முன்வரிசையிலும் ஒருவர் இருப்பீர்கள். புதிய நாயகனைப் படையுங்கள். எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து ஒரு வீராங்கனை எழட்டும், மணலிப் புகைக்கூண்டின் உச்சியில் ஒருவன் நிற்கட்டும். பழைய நாயகனை எடுத்தாலும் துணிந்து மாற்றுங்கள். முகத்தை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள். "அது நடக்கவே இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள்.

பெரியவர்களே, உங்கள் பரண்மேல், கட்டிலுக்கு அடியில், மாமியார் வீட்டு அலமாரியில் ஒரு பழைய காமிக்ஸ் இருக்கும். அடுத்த ஞாயிறு அதை இங்கே கொண்டுவாருங்கள். வெள்ளத்தில் பிழைத்த என்னுடைய பதினொன்றையும் நான் கொண்டுவருகிறேன். புத்தகம் போயிருந்தாலும் பரவாயில்லை, வெறுங்கையோடு வாருங்கள். உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.